தானாக ஓடும் மனசை மாற்ற முடியுமா?

கேள்வி, ஜனவரி 6

சின்ன விஷயம் நடந்தாலும் என் மனசு நேராக மோசமான முடிவுக்குத்தான் போகிறது. அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லையா, "கோபமாக இருக்கிறார்." இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசுகிறார்களா, "என்னைப் பற்றித்தான்." யோசித்து வருவதில்லை, தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதானா, அல்லது நாமாக யோசித்து மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா? "நல்லதையே நினை" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அதைச் செய்து பார்த்துவிட்டேன்.

ஜனவரி 6, இரவு

மாற்ற முடியும். ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் அல்ல. முதலில் வருகிற எண்ணத்தை உங்களால் தடுக்க முடியாது, என்னாலும் முடியாது. அதற்கு அடுத்ததாக வருகிறதே, அந்த இரண்டாவது எண்ணம், அங்கேதான் நமக்குக் கை வைக்க இடம் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். என் மேலாளர் அதிகம் எழுத மாட்டார். "கொஞ்சம் பேசணும்" என்று இரண்டே வார்த்தை வரும். அதைப் படித்த நொடியில் வயிற்றில் ஏதோ இறங்கும். என் நாற்காலியிலிருந்து அவர் அறைக்கு முப்பது அடிகூட இருக்காது. அதற்குள் மூன்று வருடத்துக்கு முன் செய்த தவறு, யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடியது, வேலை போனால் வீட்டில் எப்படிச் சொல்வது என்பது வரை ஓடி முடித்திருப்பேன். அவர் கேட்பது பெரும்பாலும் ஒரு தேதியோ ஒரு கோப்போதான். ஆனாலும் அடுத்த முறை அதே இரண்டு வார்த்தை, அதே வயிறு.

ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் மனச்சோர்வு நோயாளிகளிடம் இதைத்தான் கவனித்தார். நோயாளி வாய்விட்டுச் சொல்லும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குட்டிக் குட்டி வாக்கியங்கள். வேகமாக வந்து போகும், வந்ததே பல சமயம் தெரியாது, ஆனால் அதன் வருத்தம் மட்டும் தங்கிவிடும். அவற்றுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். அதில் முக்கியமானது ஒன்று உண்டு. அவை எண்ணம் போல வருவதில்லை, நடந்த செய்தி போல வருகின்றன. "கோபமாக இருப்பாரோ" என்று உங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள், "கோபமாக இருக்கிறார்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஜனவரி 7

தடுக்க முடியாது என்று நேற்று எழுதியதைச் சிலர் நம்பவில்லை. "மனவலிமை இருந்தால் முடியும்" என்கிறார்கள். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட சோதனை இதற்காகவே நடந்த மாதிரி இருக்கும். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. அடக்கியது அத்தனையும் திரும்பி வந்தது.

"நல்லதையே நினை" உங்களுக்கு ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. நல்லதையே நினைக்கிறோமா என்று பார்க்க, கெட்டது வந்துவிட்டதா என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தேடினால் கிடைக்கத்தானே செய்யும்.

ஜனவரி 9

சரி, அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலை எண்ணுவது. நினைப்பது என்ற அர்த்தத்தில் அல்ல, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது.

மேலாளர் கதையைவிட எனக்கு ஆழமாகப் பட்ட இன்னொன்று இருக்கிறது. போன வருடம் பன்னிரண்டு வயது மகள் என்னிடம் கேட்டாள். "அப்பா, நான் சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க. அப்புறம் எதுக்கு 'இல்ல'ன்னு ஆரம்பிக்கறீங்க?" எனக்குப் புரியவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொன்னாள், நான் "இல்ல, அது அப்படித்தான் இருக்கும்" என்றிருக்கிறேன். ஒத்துக்கொள்வதற்கே "இல்லை" என்று ஆரம்பிக்கிறேன்.

மறுநாள் ஒரு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், குட்டையான பென்சில் ஒன்றும். வாயில் "இல்லை" முதல் வார்த்தையாக வந்தால் ஒரு கோடு. வேறு எதுவும் செய்யக் கூடாது, திருத்தக் கூடாது, வருத்தப்படக் கூடாது, கோடு மட்டும். முதல் நாள் 4. அவ்வளவுதானா என்று நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் 17. மூன்றாம் நாள் 23. வியாதி வளரவில்லை, கண் திறந்துகொண்டிருந்தது. ஐந்தாவது நாள் ஒரு கூட்டத்தில் பக்கத்தில் இருந்தவர் பேசிக்கொண்டிருந்தார். என் நாக்கின் நுனி மேலே போய் அண்ணத்தைத் தொட்டுக் காத்திருப்பது தெரிந்தது. அவர் இன்னும் வாக்கியத்தை முடிக்கவில்லை. என்ன சொல்லப் போகிறார் என்றே தெரியாது, ஆனால் என் மறுப்பு தயாராக இருந்தது. அன்று எனக்கு உண்மையிலேயே கஷ்டமாகிவிட்டது. இத்தனை வருடம் எத்தனை பேர் சொன்னதைக் கேட்காமலே பதில் சொல்லியிருப்பேன்.

நகம் கடிப்பது, முகத்தசை துடிப்பது போன்றவற்றுக்கு அஸ்ரின், நன் என்ற இருவர் 1973இல் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். இன்றும் பயன்படுகிறது. அதிலும் முதல் படி இதுதான். எப்போது வருகிறது, வருவதற்கு முன் உடம்பில் என்ன அசைகிறது என்று பிடிக்கப் பழக்குவார்கள். அதற்கு அடுத்ததுதான், அந்தச் செயலோடு சேர்ந்து செய்யவே முடியாத வேறொரு செயலை அந்த இடத்தில் வைப்பது. கையை மூடி வைத்துக்கொண்டால் நகம் கடிக்க முடியாது அல்லவா.

ஜனவரி 9, சற்று கழித்து

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. கோடு போடும்போது தன்னைத் திட்டிக்கொண்டால் இரண்டே நாளில் தாளை எடுப்பதை நிறுத்திவிடுவீர்கள். எனக்கு முதல் முறை அப்படித்தான் நின்றது. இரண்டாம் முறைதான் ஓடியது.

ஜனவரி 12

கேள்வி கேட்டவர் மூன்று நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, மோசமான முடிவுக்குப் போனது ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல் என்று எழுதியிருக்கிறார். பயப்படாதீர்கள். அது நேற்றும் முப்பதுதான், இப்போதுதான் உங்கள் கணக்கில் வருகிறது.

இனி இரண்டாவது எண்ணத்துக்கு வருவோம். இங்கே நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். "இனிமேல் பொறுமையாகக் கேட்பேன்" என்று முடிவெடுத்தேன். நல்ல முடிவுதான், ஆனால் எந்த நொடியில், என்ன செய்வேன் என்பது அதில் இல்லை. "இல்லை" ஒரு நொடியில் வருகிறது. பொறுமை எப்போது வர வேண்டும் என்று பொறுமைக்கே தெரியாது. பத்து நாள் அந்த முடிவோடு நடந்தேன், கோடுகள் குறையவே இல்லை.

பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். "இதைச் செய்ய வேண்டும்" என்ற நோக்கம் மட்டும் உள்ளவர்களைவிட, "இப்படி நடந்தால், நான் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் நடுத்தரத்துக்கு மேலேயே இருந்தது. யோசிக்க வேண்டியதை அமைதியாக இருக்கும்போதே யோசித்து முடித்துவிடுகிறோம். அந்த நேரம் வரும்போது யோசிக்கத் தேவையில்லை, சூழ்நிலையே ஞாபகப்படுத்தும்.

நான் போட்ட முடிச்சு இதுதான். "எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும், அவர் சொன்னதில் ஒரு வார்த்தையை எடுத்து அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பேன்." கேள்வி கேட்கும் வாயால் அதே நொடியில் மறுக்க முடியாது. நகத்துக்கு மூடிய கை போல. ஒரு வாரத்தில் கோடு பாதியாகிவிட்டது.

உங்களுக்கு ஒன்று எழுதித் தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள். "பதில் வரவில்லை, கோபமாக இருக்கிறார் என்று தோன்றினால், பதில் வராததற்கு இன்னும் இரண்டு காரணம் சொல்வேன்." அந்தக் காரணங்கள் இனிமையானவையாக இருக்க வேண்டியதில்லை. "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம்", "என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இருக்கலாம்". நடக்கக்கூடியவையாக இருந்தால் போதும். முதல் எண்ணத்தை விரட்டவும் வேண்டாம், அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலி போடுங்கள்.

ஜனவரி 15

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இதை நானும் பல வருடம் நம்பியிருந்தேன். அந்த எண்ணின் கதை வேறு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். குறைந்தது 21 என்பது, பேச்சுவாக்கில் சரியாக 21 ஆகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை 84 நாள் தொடர்ந்து பார்த்தார்கள். தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, ஓடுவது என்று ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் அதே சூழ்நிலையில் செய்தார்கள். தானாக வரும் நிலைக்குப் போக ஆன காலத்தின் நடு எண் 66 நாள். ஆனால் சிலருக்கு 18, சிலருக்கு, 84 நாளைத் தாண்டியும் அதே போக்கில் போனால் என்று கணக்கிட்டுப் பார்த்தால், 254. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் தெரிந்தது. அந்தக் கடைசிச் செய்தி எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது.

ஆனால் அதெல்லாம் கை காலால் செய்கிற செயல்கள். ஒரு எண்ணத்தை அடுத்து இன்னொரு எண்ணத்தை வைப்பதற்கு அதே கணக்கு பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். நாளை எண்ணாதீர்கள், கோட்டை எண்ணுங்கள்.

ஜனவரி 20

12ஆம் தேதி "பாதியாகிவிட்டது" என்று பெருமையாக எழுதினேன். திருத்துகிறேன். பகலில் பாதியாகியிருக்கிறது. நேற்று இரவு பதினோரு மணிக்கு, நாள் முழுவதும் அலைந்து வந்தபின், மகள் வந்து தன் திட்டம் ஒன்றைச் சொன்னாள். பையில் தாள் இல்லை, சட்டையே மாற்றியாகிவிட்டது. வரிசையாக ஐந்து "இல்லை". ஐந்தாவதில் அவள் பேச்சை நிறுத்திவிட்டு "சரிப்பா, தூங்குங்க" என்று போய்விட்டாள். கோபம் இல்லாத குரல். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

களைப்பில் பழசுதான் மேலே வருகிறது. புதியது இன்னும் யோசனையின் தோளில் ஏறித்தான் வருகிறது. யோசனை தூங்கிவிட்டால் அதுவும் தூங்கிவிடுகிறது. அதனால் இன்னொரு முடிச்சு போட்டிருக்கிறேன். "இரவு பத்துக்கு மேல் யாராவது முக்கியமானதைச் சொன்னால், காலையில் முழுசாகக் கேட்கிறேன் என்று சொல்லி, எந்த நேரம் என்பதையும் சொல்வேன்." இன்று காலை அவளிடம் மன்னிப்புக் கேட்டு, திட்டத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். நல்ல திட்டம்.

ஜனவரி 24

அப்படியானால் எல்லாவற்றையும் யோசித்து யோசித்தே செய்ய வேண்டுமா, வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதில் என் கருத்து கொஞ்சம் மாறியிருக்கிறது.

வெண்டி வுட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் மாணவர்களிடம், மணிக்கு ஒருமுறை என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்று குறித்து வைக்கச் சொன்னார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், செய்த காரியங்களில் ஏறக்குறைய 43 சதவீதம் பழக்கத்தால் நடந்தவை. ஏறக்குறைய தினமும், அதே இடத்தில், பெரும்பாலும் வேறெதையோ நினைத்துக்கொண்டு செய்தவை. இது குறையல்ல. செருப்பு மாட்டுவதை யோசித்துச் செய்தால் வாசலைத் தாண்ட முடியாது. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890இலேயே சொன்னார், அன்றாட வேலைகளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் பழக்கத்தின் கையில் ஒப்படைத்தால்தான் மனசு தன் மேலான வேலைக்கு விடுதலையாகும் என்று.

ஆக, பழக்கத்தை ஒழிப்பது நம் வேலை இல்லை. எந்தக் காரியத்தைப் பழக்கத்திடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரிப்பதுதான் வேலை. நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பல் தேய்ப்பது, கதவைப் பூட்டுவது, கடவுச்சொல் தட்டுவது எல்லாம் அங்கேயே இருக்கட்டும். இன்னொருவர் சொல்வதை எடைபோடுவது, ஒருவரின் மௌனத்துக்கு அர்த்தம் சொல்வது, என்னைப் பற்றி நானே தீர்ப்புச் சொல்வது, இந்த மூன்றையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். மூன்றே போதும். உங்களுக்கு ஒன்று போதும்.

ஜனவரி 25

இந்த இழையை வாசிக்கும் எல்லோருக்கும் ஒன்று. வருகிற எண்ணங்கள் "வாழ்ந்து என்ன பயன்" என்கிற பக்கம் போனாலோ, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, தாளும் பென்சிலும் போதாது. மருத்துவரிடம் போங்கள். பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை (cognitive therapy) முறையில் பயின்றவர்கள் இருக்கிறார்கள், அது கூட உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

பிப்ரவரி 2

இரவு மூன்று மணிக்கு எழுப்பிவிடும் எண்ணங்களைப் பற்றிக் கேட்டவருக்கு. போர்கோவெக் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1983இல் எளிய வழி ஒன்றைச் சோதித்தார்கள். கவலைப்படுவதற்கு என்று தினமும் அரை மணி நேரம், ஒரே நேரம், ஒரே இடம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "அப்போது பார்க்கலாம்" என்று தள்ளி வைப்பது. அந்த அரை மணியில் உட்கார்ந்து முழுசாகக் கவலைப்படுவது. "நினைக்காதே" என்பதற்கும் "பிறகு நினை" என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு மாலை ஆறரை மணி. படுக்கை அறையில் வேண்டாம், அதை மட்டும் கவனியுங்கள். தள்ளி வைத்ததை ஒரு வரியாவது எழுதி வைத்தால்தான் மனசு விடுகிறது. வெறுமனே "பிறகு" என்றால் அது நம்புவதில்லை.

பிப்ரவரி 8

"இப்படி முடிச்சுப் போட்டுப் பேசினால் அது நடிப்பு ஆகாதா? முதலில் வருவதுதானே உண்மையான நீங்கள்?" இரண்டு நாள் இந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

என் அப்பா "இல்லை" என்றுதான் ஆரம்பிப்பார். இதை எழுதும்போதுதான் முழுசாக உறைக்கிறது. வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அவர் கையை லேசாக உயர்த்தி, "இல்ல, நான் சொல்றதைக் கேளு" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. பதினைந்து வயதிலிருந்து குடும்பத்தைத் தாங்கியவர், யாரும் அவர் சொல்வதைக் கேட்காத வயதில் பேசக் கற்றுக்கொண்டவர். அந்த "இல்லை" அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் எனக்கு முதலில் வருவது அவருடைய தேவையிலிருந்து வந்த வார்த்தை. நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, யோசித்து எடுத்துக்கொள்ளவும் இல்லை. அப்புறம் எப்படி அது உண்மையான நான்? நான் உட்கார்ந்து யோசித்து, இப்படித்தான் என் மகள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தேனே, அதில்தான் நான் அதிகம் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். நடிப்பு போலத் தோன்றுவது உண்மைதான், புதுச் செருப்பு கடிப்பது போல. செருப்பு என்னுடையதுதான்.

பிப்ரவரி 14

கோடு போடவும் முடிச்சுப் போடவும் நேரமில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி, சூழ்நிலையில் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்துவது. 2011இல் வெளியான சோதனை ஒன்றில் திரையரங்கில் சிலருக்குப் புதுப் பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் பழையதும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது எப்போதும் பாப்கார்ன் சாப்பிடுகிறவர்கள், நன்றாக இல்லை என்று தெரிந்தும் பழையதை அதே அளவுக்குச் சாப்பிட்டார்கள். பழகாத கையால் சாப்பிடச் சொன்னதும் பழையதைச் சாப்பிடுவது குறைந்துவிட்டது. கை மாறியது, அவ்வளவுதான்.

நான் கைப்பேசியை வலது பாக்கெட்டிலிருந்து இடதுக்கு மாற்றினேன். லிஃப்டுக்கு நிற்கும்போது வலது கை போய் வெறும் துணியைத் தொடுகிறது. விரல்கள் அங்கே ஒரு கணம் நிற்கின்றன. எதற்காக எடுக்க வந்தேன்? பெரும்பாலும் பதில் இருப்பதில்லை, கை திரும்பி வந்துவிடுகிறது. காரணம் இருந்தால் இடது பக்கம் போகிறது.

பிப்ரவரி 27

கேள்வி கேட்டவர் எழுதியதைப் படித்தேன். முதல் எண்ணம் அதே வேகத்தில்தான் வருகிறது, ஆனால் "கோபமாக இருக்கிறார்" என்பது "கோபமோ என்று எனக்குத் தோன்றுகிறது" என்று மாறியிருக்கிறது என்கிறீர்கள். அந்த "எனக்குத் தோன்றுகிறது" சாதாரணமானது இல்லை. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5

இன்று "கொஞ்சம் பேசணும்" வந்தது. வயிறு இறங்கியது, ஜனவரி ஆறாம் தேதி எழுதியதைப் போலவே, துளியும் குறைவில்லை. நாற்காலியிலேயே இருந்து இன்னும் இரண்டு காரணம் சொல்லிக்கொண்டேன். விடுப்புத் தேதியாக இருக்கலாம். புதிய ஆள் யாராவது சேர்வதாக இருக்கலாம். எழுந்து போனேன்.

இரண்டும் இல்லை. இந்த முறை உண்மையிலேயே தவறுதான். நான் கொடுத்த அறிக்கையில் கணக்கு உதைக்கிறது என்றார். நாக்கு மேலே போய் அண்ணத்தைத் தொட்டது. தெரிந்தது. "எந்தக் கணக்கு?" என்று கேட்டேன். ஏழாம் பக்கம் என்றார். இருவரும் திருப்பிப் பார்த்தோம். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் விளக்கியபோது அவரும் கேட்டார்.

வெளியே வந்து தாளை எடுத்தேன். இன்றைக்கு இரண்டு கோடு, இரண்டும் காலையில் போட்டவை.